இருபத்திரண்டு நாள் என்னிடம் இருந்த சீட்டு

எனக்குப் பொறாமை அதிகம். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது. பக்கத்து வீட்டில் மேலே ஒரு தளம் எழும்பினாலும், கூட வேலை செய்பவளின் மகளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தாலும் எனக்கு அன்று சோறு இறங்காது. என் கணவர் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். யாரைப் பார்த்தும் அவருக்கு வயிறு எரியாது. "கண்ணாடியப் பாத்தாக்கூட உனுக்குப் பொறாமதான் வரும்" என்று என்னைக் கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன். என் பொறாமை யாரையும் ஒன்றும் செய்யாது, என் வயிற்றை மட்டும்தான் எரிக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். மேற்கு மலையின் மழைக்காடுகளிலிருந்து செடிகளையும் மரக்கிளைகளையும் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். அவற்றை வெள்ளை அட்டையில் ஒட்டுவது என் வேலை. தண்டு தடிமனாக இருந்தால் பசை நிற்காது. ஊசி நூலால் தைக்க வேண்டும். வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம். செடியின் பெயர், எடுத்த இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர், இன்ன செடி என்று அடையாளம் சொன்னவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஒட்டியவர் பெயருக்கு அதில் இடம் கிடையாது. பிறகு அட்டைகள் இரும்பு அலமாரிக்குள் போய்விடும். சாயங்காலம் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்குத் திரும்பும்போது என் புடவையில் அந்துருண்டை வாசம் அடிக்கும்.

அந்தக் காட்டில் என் கை படாத மரம் குறைவு. ஆனால் ஒரு மரத்தைக்கூட அது நிற்கிற இடத்தில் நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு நான்கைந்து முறை எங்கள் வாசலிலிருந்து ஜீப் மலைக்குக் கிளம்பும். இரண்டு முறை நானும் வருகிறேன் என்று கேட்டேன். "அங்க லேடீஸ் தங்க வசதி இல்ல மேடம், அட்டக்கடி வேற" என்றார்கள். பிற்பாடு ஆராய்ச்சி செய்ய வந்த சின்னப் பெண்கள் போனார்கள், மாதக்கணக்கில் தங்கினார்கள். அப்போது என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ரோஷத்தில் நானும் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. அந்த நாள்களில் மனதுக்குள் நான் அவளுக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை; அதனால் அப்படியே எழுதுகிறேன். என் வயதுதான் இருக்கும். மேற்கு மலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு காட்டுக்குள், முப்பது வீடுள்ள மலைவாசிக் குடியிருப்பிலிருந்து வந்திருந்தாள். எங்கள் பிரிவின் தலைவர், நான் சார் என்று சொல்பவர், அவளைப் பத்து நாள் தங்கும்படி அழைத்து வந்திருந்தார். சார் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர். அவள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது முதல் நாள், முதல் நிமிஷம். அவள் உள்ளே நுழைந்ததும் சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான் காரணம்.

அவள் வந்த விஷயம் இதுதான். காட்டில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு அந்தக் காட்டின் மேல் உரிமை உண்டு என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஊர் சபை கூடி, எந்தச் சரிவில் தேன் எடுக்கிறோம், எந்த மடுவில் மீன் பிடிக்கிறோம், சாமி எங்கே, இறந்தவர்களைப் புதைத்தது எங்கே என்று வரைபடத்தில் காட்டி மனு போட வேண்டும். கிடைத்தால் அது ஊருக்கே பொதுவான உரிமை, யாரும் விற்க முடியாது. அதன் பிறகு ஊர் சபையைக் கேட்காமல் அந்தக் காட்டில் யாரும் கோடாரி வைக்கவும் முடியாது. அவள் ஊர் மனு போட்டிருந்தது. எல்லாம் சரியாக வந்து ஒரு ஓடையில் நின்றுவிட்டது. ஓடையோரத்தில்தான் பழைய ஊர் இருந்தது, வனத்துறை சொல்லித்தான் அந்தக் காலத்தில் கீழே இறங்கினோம் என்பது இவர்கள் பேச்சு. அங்கே ஊரே இருந்ததில்லை, வெறும் காடு என்பது பதிவேட்டின் பேச்சு. மனுவை விசாரிக்கும் கமிட்டியின் அதிகாரி, "வயசானவங்க சொன்னத எழுதிக்கிட்டேன். கூடவே பழைய எழுத்து ஒண்ணு கொண்டாங்க, ஓடையச் சேத்துடறேன்" என்று சொல்லியிருந்தார்.

அவளுக்கு அதில் இன்னொரு அவசரமும் இருந்தது. அவள் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். பழைய ஊரில் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது அவர்தான். அவள் அம்மாவை அந்த ஓடையோரத்தில்தான் வைத்திருந்தார்கள். அது நடந்து பல வருஷம். இப்போது வனத்துறை அங்கே யாரையும் புதைக்க விடுவதில்லை. தன்னையும் அங்கே, மனைவி பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கிழவரின் ஒரே ஆசை. தினமும் சாயங்காலம் விருந்தினர் அறை வாசலில் நின்று அவள் போனில் பேசுவாள். எதிர்முனையிலிருந்து என்ன கேட்கிறார்கள் என்பது அவள் பதிலிலேயே தெரியும். "இன்னும் கெடைக்கலப்பா. தேடறாங்க. கெடைக்கும்."

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எரிந்தேன்.

எட்டு வருஷமாக என்னை மேடம் என்று கூப்பிட்ட சார், இரண்டாம் நாளே அவளை அக்கா என்றார். மத்தியானம் அவளுக்கு ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. சார் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் வழக்கம்போல தாழ்வாரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அலமாரிகளை நான் திறந்துவிட, அவள் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, இது காய்ச்சலுக்கு, இதன் பட்டை மீன் பிடிக்க, இது பூத்தால் தேன் வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். சார் எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றினார். இருபத்து மூன்று வருஷத்தில் நான் வாயால் சொன்ன எதையும் அங்கே யாரும் எழுதி வைத்ததில்லை. அவள் தும்மினால்கூட எழுதுவார்கள்போல இருந்தது.

ஒரு நாள் அலமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகும்போது அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சாவி உங்ககிட்டயே இருக்குதுங்களாக்கா?"

"ஆமா. வேற யாரு கிட்ட இருக்கும்?"

"குடுத்து வச்சவங்க. எங்க காட்டுல வெறகு பொறுக்க நாங்க கேட்டு நிக்கணும்."

என்னைப் பார்த்து ஒருத்தி பெருமூச்சு விட்டது அதுதான் முதல் தடவை. அதை ரசிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் நடந்ததுதான் கதையைக் கெடுத்தது. பெரிய காய்களை அட்டையில் ஒட்ட முடியாது. எண் எழுதிய துண்டுச் சீட்டை நூலால் காயில் கட்டித் தனிப் பெட்டியில் வைப்போம். அதே எண் அட்டையிலும் இருக்கும். அவள் காட்டு ஜாதிக்காய் அட்டை ஒன்றைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்தாள். காயை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"இந்தக் காய் இந்த மரத்தோடது இல்லீங்க. இதுக்கு உருண்டையா இருக்கும். இது நீளக்காய், கீழ்ச் சரிவுல நிக்கிற மரம்."

அடுத்த பெட்டியைத் திறந்தால் அதற்குள் உருண்டைக் காய். இரண்டு சீட்டையும் மாற்றிக் கட்டியிருந்தது. கட்டியவள் நான்தான். நூலை இரண்டு முறை சுற்றிப் போடும் அந்த முடிச்சு என்னுடையது; அங்கே வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். எத்தனை வருஷமாக அப்படிக் கிடந்ததோ, எத்தனை வெளிநாட்டு அறிஞர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்களோ. சார் கைதட்டிச் சிரித்தார். பக்கத்து அறைகளில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். "டாக்டர் பட்டம் வாங்கின நாங்க யாருமே கண்டுபிடிக்கல, அக்கா ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாங்க" என்று நாலு பேரிடம் நாலு தடவை சொன்னார். மாற்றிக் கட்டியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த வேலையைச் செய்ய ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்ததாகவாவது இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் கத்தித் தீர்த்தேன். என் அப்பா மில் தொழிலாளி, தாத்தாவும் அதே மில். எங்கள் பேட்டையே மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட பேட்டை. மில்லை மூடினார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார், கொஞ்ச நாள் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார், பிறகு ஒரு கடைக்குக் காவலாளியாகப் போனார். உன் அப்பன் எந்த மெஷினில் நின்றான், தாத்தன் எங்கே சாப்பாட்டுத் தூக்கை மாட்டினான் என்று எங்களை எந்தக் கமிட்டி கேட்டது? வரைபடத்தை விரித்து இடத்தைக் காட்டு என்று யார் சொன்னார்கள்?

"காட்டுல இருந்தா சட்டம், மில்லுல இருந்தா ஒண்ணுமில்லியா?" என்றேன்.

"அவங்களுக்கு மட்டும் சும்மாவா தூக்கிக் குடுத்தாங்க? எவ்ளோ வருஷமா அலையறாங்களோ. உனுக்கு இதுல இன்னா போச்சு?" என்றார் அவர்.

எனக்கு ஒன்றும் போகவில்லைதான். அவர் சொன்னது சரியாக இருந்ததால் அவர் மேலும் கோபம் வந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டைச் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்தது, பேரப்பிள்ளைகள் பாரிஸில் இருக்கிறார்கள். என் தாத்தாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட அவகாசம் இருந்ததாம். ஷிஃப்டை விட்டுவிட்டுப் போக முடியாது என்று போகாமல் இருந்துவிட்டாராம். எங்கள் வீட்டுச் சண்டை எதில் தொடங்கினாலும் அந்தக் கையெழுத்தில்தான் வந்து முடியும். ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று புதுச்சேரிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனாலேயே எங்கள் ஊரில் பழைய காகிதத்தை, அதுவும் பிரெஞ்சில் எழுதியதை, யாரும் குப்பையில் போடுவதில்லை. படிக்கத் தெரியாதவர்கள்கூட டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள்.

நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரையான் அரித்த பழைய அட்டைகள் ஒரு கட்டு என்னிடம் வந்தது. வெகுகாலத்துக்கு முன் அந்த மலையில் நடந்து திரிந்து செடி சேர்த்த ஒரு பாதிரியாருடையவை. செடிகளைப் பிரித்துப் புது அட்டையில் ஒட்டி, புதுச் சீட்டு எழுத வேண்டும். அவருடைய சீட்டுகள் நீளமானவை. பார்த்தது, கேட்டது, தின்றது எல்லாம் பிரெஞ்சில் பொடி எழுத்தில் இருக்கும். "பேரு, எடம், ஒசரம், தேதி போதும். மத்த கதையெல்லாம் வேண்டாம்" என்றார் அப்போதிருந்த அதிகாரி. அப்படியே செய்தேன். பழைய சீட்டுகளை எறிய மட்டும் கை வரவில்லை. ஒரு துணிப் பையில் போட்டு என் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். அப்படி ஒரு பை இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் சார் வந்து கேட்டார். "பாதிரியார் ஷீட்டுல கூடுதலா எதாவது எழுதியிருந்துதா மேடம்? புதுச் சீட்டுல ஒண்ணும் இல்ல."

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பையை எடுத்தேன். பத்தாவது வரை பிரெஞ்சு படித்தவள். வேலையில் அந்தக் கையெழுத்தும் பழகியிருந்தது. இருபதோ முப்பதோ சீட்டுகளைப் புரட்டியிருப்பேன், கிடைத்துவிட்டது. கருங்குங்கிலிய மரத்தின் சீட்டு. ஓடையின் பெயர், அவள் சொல்லும் அதே பெயர், பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. ஓடையோரம் எட்டுக் குடிசைகள் என்றிருந்தது. அதற்கு மேலே சரிவில் அவர்களுடைய புதைமேடுகள், கல் நட்டவை என்றிருந்தது. கடைசி வரியில், இந்த மரத்தை எனக்குக் காட்டியவள் இவ்வூர்ப் பெண் ஒருத்தி என்று எழுதியிருந்தார்.

அதிகாரி கேட்ட பழைய எழுத்து இதுதான். முதல் கணத்தில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்ல வேண்டும். எழுந்துகூட விட்டேன். பிறகு அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். மரத்தைக் காட்டிய அந்தப் பெண் ஒரு மத்தியானம் அவரோடு நடந்திருப்பாள், விரலை நீட்டியிருப்பாள். அவளுக்குச் சீட்டில் ஒரு வரி. ஆயிரக்கணக்கில் தைத்து ஒட்டிய எனக்கு எந்தச் சீட்டிலும் ஒரு எழுத்தில்லை. இதையும் கொண்டுபோய்க் கொடுத்தால் சார் மறுபடி கைதட்டுவார், எல்லோரையும் கூப்பிடுவார், அக்கா ஊர்ச் சீட்டு என்பார். நான் சாவியோடு ஓரமாக நிற்பேன். சீட்டை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்து இழுப்பறையை மூடினேன்.

நாலு மணிக்கு அவளே என் மேசைக்கு வந்தாள். "ஏதாச்சும் இருந்துச்சுங்களாக்கா?"

"இல்லம்மா. கரையான் அரிச்சதுல எல்லாம் போயிட்டுது."

"பரவால்லீங்க. எங்களுக்காக உக்காந்து தேடினீங்களே" என்றாள்.

சனிக்கிழமை காலையில் பேருந்து நிலையத்துக்கு அவளை அழைத்துப் போக சார் என்னைத்தான் அனுப்பினார். ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒட்டின மரமெல்லாம் பாக்கோணும்ல, ஒருக்கா எங்க ஊருக்கு வாங்க. எங்க வீட்லயே தங்கிக்கலாம்" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னைக் காட்டுக்கு வா என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பெரிய மனசு காட்டுவதிலும் நீதான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது.

திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சார் வெளியூர். புதன்கிழமை சார் இருந்தார். எங்கே கிடைத்தது, அன்றைக்கு ஏன் இல்லை என்றாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் அது இருப்பதே மறந்துவிட்டதுபோல வேலை செய்தேன். மறக்கவில்லை. இழுப்பறையைத் திறக்க வேண்டி வந்தால் மேலே இருப்பதை மட்டும் திறந்தேன். கமிட்டி கூட்டம் சீட்டு கிடைத்த பதினைந்தாம் நாள் என்பது எனக்குத் தெரியும். அந்த நாள் காலையில் ஒட்டிய அட்டையில் தண்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தேன்.

ஒரு வாரம் கழித்து சார் முகம் வாடிப்போய் வந்தார். "மத்ததெல்லாம் குடுத்துட்டாங்க மேடம். ஓடைய மட்டும் ஒதுக்கிட்டாங்க. எழுத்து இல்லயாம். அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சுதான்."

நான் எழுந்து கீழ் இழுப்பறையைத் திறந்து சீட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். வேறு கவரில் கலந்துபோய்க் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்றேன். அது இருபத்திரண்டாம் நாள். சார் படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். பிறகு நான் கணக்குப் போட்டு வைத்திருந்தபடியே எல்லோரையும் கூப்பிட்டார். ஆனால் நான் நினைத்ததுபோல அவளைச் சொல்லவில்லை. "மேடம் இல்லன்னா இது கெடச்சே இருக்காது. கரையான் அரிச்ச குப்பையிலேந்து எடுத்திருக்காங்க" என்று என்னைத்தான் சொன்னார். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் இனிப்பு வாங்கினேன்.

அதற்கு நாலாம் நாள் போன் வந்தது. சார் ஒலிபெருக்கியில் போட்டார். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பன் போயிட்டாருங்க சார். நேத்து சாயங்காலம். ஓடைக்குத் தூக்கிட்டுப் போனோம், தடுத்துட்டாங்க. நீங்க அனுப்புன நகலக் காட்டினோம். கமிட்டி முடிவு பண்ணட்டும், இப்ப விட முடியாதுன்னுட்டாங்க. கீழ ரோட்டோரமா வச்சாச்சுங்க. கூட்டத்துக்கு முன்னாடி கெடச்சிருந்தா அங்கியே வச்சிருப்போம். என்ன பண்றது. அக்காகிட்டச் சொல்லுங்க, அவங்க தேடித் தேடி எடுத்தாங்கன்னு சொன்னீங்கல்ல. ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்றாள்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். சார் என்னைப் பேசச் சொல்லி போனை நீட்டினார். கையை ஆட்டிவிட்டு அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் பாதிரியாரின் சீட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஓடையும் அதன் மேல் சரிவும் ஊரின் காட்டில் சேர்ந்தன. உரிமைப் பட்டயத்தை ஊர் சபையில் வாசிக்கும் நாளுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் சார். இன்னொருவர் காகிதம் கண்டுபிடித்த அக்கா. இந்த முறை தங்க வசதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் அவள் என்னை மட்டும் ஓடைக்குக் கூட்டிப் போனாள். காடு நான் நினைத்திருந்ததுபோல இல்லை. என் அட்டைகளில் எல்லாமே பழுப்பு. இங்கே தளிர்கள் சிவப்பாக இருந்தன. எனக்கு ஒரு மரமும் தெரியவில்லை. இலைகள் எல்லாம் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருந்தன. கண்ணுக்கு முன்னால் இருந்தது ஈரமான அடிமரம் மட்டும். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து அவள் கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து நீட்டினாள். கையில் வாங்கியதும் அதன் லத்தீன் பெயர் என் வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு வழி நெடுக இலை பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தாள், நான் பெயர் சொல்லிக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்து பல காலம் ஆகியிருந்தது. அதே நேரத்தில், தினமும் இதில் நடக்கிறாளே என்று பாழாய்ப்போன வயிறு எரியவும் செய்தது.

ஓடைக்கு மேலே சரிவில் பாசி பிடித்த கற்கள் நட்டிருந்தன. ஒன்றைத் தொட்டு, "இது அம்மா" என்றாள். பக்கத்தில் செடி கொடி இல்லாமல் சுத்தம் செய்த இடம் ஒன்று இருந்தது. "இது அப்பனுக்குன்னு அவரே வெட்டி வச்சது. படுக்கையில விழுற வரைக்கும் வந்து பாத்துக்குவாரு."

நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. "அந்தச் சீட்டு நீங்க எங்க ஊர்ல இருந்தப்பவே கெடச்சிட்டுது. நீங்க வந்து கேட்டீங்களே, அன்னிக்கு மத்தியானமே. எடுத்து உள்ள வச்சிட்டுதான் இல்லன்னு சொன்னேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க?"

"உங்க மேல பொறாம."

"எம்மேலயா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு காரணம் எதையும் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை. மில்லைச் சொல்லியிருக்கலாம், நாற்காலியைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சுத்தம் செய்த இடத்துக்கு முன்னால் அதெல்லாம் சொல்லும்படியாக இல்லை.

"எத்தன நாளு வச்சிருந்தீங்க?"

"இருபத்திரெண்டு."

அவள் அம்மாவின் கல்லைப் பார்த்தபடி நின்றாள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா கேட்பாருங்க. அந்தப் புதுச்சேரிக்காரப் பொண்ணு போன் பண்ணுச்சா, போன் பண்ணுச்சான்னு. இல்லன்னு சொல்ல மனசு வராம, தேடிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு திரும்பி நடந்தாள். இறங்கும்போது அவள் இலை எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் மேலே பார்க்கவில்லை.

மத்தியானம் ஊர்க் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பட்டயத்தில் ஓடையின் பெயரை வாசித்தபோது கூட்டத்தில் ஒரே கூச்சல். வாசித்தவர் நிறுத்தி, மறுபடி ஒருமுறை வாசித்தார். சாருக்குத் துண்டு போட்டார்கள். அடுத்து காகிதம் கண்டுபிடித்த அக்காவுக்கு என்றார்கள். துண்டைப் போட வேண்டியவள் அவள்தான். முந்தின நாளே முடிவு செய்திருந்தார்களாம். அவள் வந்தாள். என் தோளில் துண்டைச் சுற்றிப் போடும்போது காதருகே குனிந்தாள்.

"இவங்ககிட்டச் சொல்லீறாதீங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் சந்தோசமா இருக்கட்டும்."

என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கி, ரொம்ப சந்தோஷம் என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.